களைத்து வரும் கைக்கு ஒரு சமையல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டு வாழ்க்கையைப் பத்தி, பிள்ளைங்களுக்குப் பயன்படற மாதிரி பத்து நிமிஷம் பேசுங்க" என்று நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். வேலை, விசா, சம்பளம் பற்றிப் பேச என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. வேதியியல் படித்த எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் அந்நிய மண்ணில் சோறு போட்டது வேதியியல்தான். ஆனால் அந்தச் சோற்றை ஆக்கத் தெரிந்திருந்ததால்தான் குடும்பம் நடந்தது.

நான் 1991-ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போனேன். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்பது அங்கே சர்வ சாதாரணம். அந்த ஊரின் வாரநாள் உணவுக்கு 'ஹாட்டிஷ்' என்று பெயர். மற்ற மாநிலத்துக்காரர்கள் இதை 'கேசரோல்' என்பார்கள். நம் ஊரில் கேசரோல் என்றால் சப்பாத்தியைச் சூடாக வைக்கிற டப்பா. அங்கே ஓவனில் வைக்கும் அகலப் பாத்திரத்துக்கும் அதுதான் பெயர், அதில் வேகும் பண்டத்துக்கும் அதுதான் பெயர்.

கறி, காய், கிழங்கு, குழம்பு எல்லாம் ஒரே பாத்திரத்தில். அவ்வளவுதான் ஹாட்டிஷ். இதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. மாங்கேட்டோ என்ற ஊரின் லுத்தரன் சபை மாதர் சங்கம் 1930-ல் போட்ட சமையல் புத்தகத்தில் இதற்கான செய்முறை இருக்கிறது. பொருளாதார மந்தம் பிடித்த காலம். கொஞ்சம் கறியை வைத்துப் பெரிய குடும்பத்தின் வயிற்றை நிரப்ப வேண்டிய காலம். அந்தச் செய்முறையில் சேர்ந்தது மக்ரோனி. 1934-ல் கேம்பல் கம்பெனி காளான் கிரீம் சூப்பை டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்ததும், குழம்பு கூட்டும் வேலை மிச்சமாயிற்று.

உருளைக்கிழங்கு வந்த கதை இன்னும் சுவையானது. ஆரிகன், ஐடஹோ மாநிலங்களின் எல்லையில் கிரிக் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரண்டு சகோதரர்கள் 'ஓர்-ஐடா' என்ற உருளைக்கிழங்குத் தொழிற்சாலை வைத்திருந்தார்கள். விரல் விரலாக வறுவலுக்கு நறுக்கும்போது மிஞ்சும் துண்டு துணுக்குகள் கால்நடைத் தீவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 1953-ல் அந்தத் துணுக்குகளைப் பொடியாக நறுக்கி, மாவும் மசாலாவும் சேர்த்துச் சின்னச் சின்ன உருளைகளாக அழுத்திப் பொரித்து உறைய வைத்தார்கள். 'டேட்டர் டாட்ஸ்' என்று பெயரிட்டு விற்றார்கள். மினசோட்டாக்காரர்கள் அதைக் கறிமேல் அடுக்கி ஓவனில் வைத்தார்கள். மாட்டுக்குப் போக இருந்த கிழங்கு மாட்டுக்கறியின் மேலேயே போய் உட்கார்ந்தது!

மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், செய்முறை சொல்கிறேன். ஆறு பேருக்கு மாட்டுக் கொத்துக்கறி அரை கிலோ, பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு இரண்டு பல், உறைய வைத்த பீன்ஸோ சோளமோ இரண்டு கப், காளான் சூப் டப்பா ஒன்று (சுமார் 300 கிராம்), பால் அரை கப், மிளகுத்தூள் ஒரு ஸ்பூன், டேட்டர் டாட்ஸ் முக்கால் கிலோ. சூப்பிலேயே உப்பு தாராளமாக இருக்கும். ருசி பார்க்காமல் மேலே உப்புப் போட வேண்டாம்.

முதல் வேலையாக ஓவனை 400 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது சென்டிகிரேடில் ஏறத்தாழ 200-ல் சூடேற்றுங்கள். அகலமான வாணலியில் கொத்துக்கறியைப் பரப்பி, இரண்டு நிமிஷம் கிளறாமல் விடுங்கள். கறியில் உள்ள தண்ணீர் வற்றினால்தான் நிறம் மாறும். நிறம் மாறினால்தான் மணம் வரும். 1912-ல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் எழுதிய வினை இதுதான்: புரத அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகின்றன. தோசையின் முறுகலிலும் இதே வினைதான். அப்புறம் வெங்காயம், பூண்டு சேர்த்து வதக்கி, மிதக்கும் கொழுப்பை வடித்துவிடுங்கள். இதற்கெல்லாம் பத்து நிமிஷம்.

அதோடு காய், சூப், பால், மிளகு சேர்த்துக் கிளறி, 13-க்கு 9 அங்குலக் கண்ணாடித் தட்டில் கொட்டிச் சமப்படுத்துங்கள். மேலே டேட்டர் டாட்ஸை வகுப்பறை பெஞ்சு மாதிரி வரிசையாக அடுக்குங்கள். மூடக் கூடாது. மூடினால் ஆவி தங்கிக் கிழங்கு நமத்துப்போகும். 40 முதல் 45 நிமிஷம். ஓரங்களில் குழம்பு கொதித்து, மேலே பொன்னிறமானால் தயார்.

ஓர் எச்சரிக்கை. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்புறத்தில்தான் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே எங்கும் கலந்துவிடுகிறது. ஆகவே கொத்துக்கறி நடுவிலும் 160 டிகிரி பாரன்ஹீட், அதாவது 71 டிகிரி சென்டிகிரேட், சூட்டைத் தொட வேண்டும். இது அமெரிக்க அரசின் வேளாண் துறை சொல்லும் கணக்கு.

இங்கே ஓவன் இல்லாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. நம் ஊர்க் கறி கொஞ்சம் முற்றலாக இருக்கும், குக்கரில் நாலைந்து விசில் விட்டுத் தண்ணீரை வற்ற வையுங்கள். சூப்புக்குப் பதில் இரண்டு ஸ்பூன் வெண்ணெயில் இரண்டு ஸ்பூன் மைதாவை வறுத்து, ஒன்றரை கப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறி, உப்பும் மிளகும் சேருங்கள். நாலு பெரிய உருளைக்கிழங்கை முக்கால் வேக்காடாக எடுத்து, வட்டமாக நறுக்கி, தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்க விடுங்கள். அடிகனமான பாத்திரத்தில் கறிக் கலவையைக் கொதிக்க வைத்து, மேலே கிழங்கை அடுக்கி, சிறு தீயில் பத்து நிமிஷம். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் ஆட்டுக் கொத்துக்கறியில் செய்யலாம், சோயாவிலும் செய்யலாம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி உண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பா இலையில் சுற்றி, பையின் அடியில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் போட்டு எடுத்து வருவார். இந்தக் கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் "உங்க வீட்ல என்னடா கறி?" என்று யாராவது கேட்டால் "மட்டன்" என்றே சொல்லி வந்தோம், நானும் என்னைப் போன்ற இன்னும் சிலரும். என் தோழர்கள் நல்லவர்கள். ஆனாலும் சொல்ல முடியவில்லை.

1996 ஜனவரியில் அப்பா தவறிவிட்டார். டிக்கெட் கிடைத்து நான் ஊர் வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று அண்ணன் போனில் சொன்னார். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா போன் செய்தார். நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேத்தி, எழுபது வயது. ஆறுதல் வார்த்தை அதிகம் பேசத் தெரியாது. "நீங்க மாட்டுக்கறி சாப்பிடுவீங்களா? இல்லேன்னா கோழியில செய்யறேன்" என்று மட்டும் கேட்டார். சாப்பிடுவோம் என்றேன். ஒரு மணி நேரத்தில், துணி சுற்றிய சூடான ஹாட்டிஷ் தட்டோடு பனியில் நடந்து வந்து, வாசலில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். துக்க வீட்டுக்கு ஹாட்டிஷ் கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். நம் ஊரில் பங்காளி வீட்டிலிருந்து சாப்பாடு வருகிற மாதிரி. அன்று என் பிள்ளைகள் பசியாறினார்கள். 'சாப்பிடுவோம்' என்று நான் தயங்காமல் சொன்னது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகுதான் அதைச் செய்யக் கற்றுக்கொண்டேன். என் மனைவி நர்ஸ். மாலை 3 மணிக்குப் போனால் இரவு 11 மணிக்கு மேல்தான் வீடு திரும்புவார். நான் ஐந்தரைக்கு வருவேன். இரண்டு பிள்ளைகள், இரண்டு பசி. தட்டை ஓவனில் வைத்துவிட்டால் முக்கால் மணி நேரம் கை சும்மா. அந்த நேரத்தில் ஒருத்திக்குக் கணக்கு, ஒருத்தனுக்கு ஸ்பெல்லிங். ஏழு மணிக்கு மூவரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். நான்காவது பங்கு மூடி வைத்திருக்கும். நடுராத்திரியில் களைத்து வருகிறவருக்கு அடுப்படியில் சூடாக ஒரு தட்டு இருந்தால், அந்த வீட்டில் பாதிச் சண்டை வராது என்பது என் அனுபவம்.

கல்யாணப் பிரியாணி வைக்கத் தெரிந்த ஆண்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை லுங்கியை மடித்துக் கட்டி, நாலு பேரை ஏவி, பாராட்டும் வாங்கிக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் களைத்து வந்த பிறகு, யாரும் பாராட்டாத ஒரு சாப்பாட்டை யார் செய்வது? இதுதான் கேள்வி. நம் தலைமுறையில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. அம்மா, அப்புறம் மனைவி. இன்று இருவரும் வேலைக்குப் போகிறோம். அந்தப் பதில் இனிமேல் செல்லாது.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, சென்னைக்குப் போனாலும் சிகாகோவுக்குப் போனாலும், பட்டச் சான்றிதழோடு ஒரே ஒரு சமையலையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுச் சமையலாக இருக்கட்டும், எந்தக் கறியாகவும் இருக்கட்டும். ஒரு பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்குள், கண்ணை மூடிக்கொண்டு செய்ய வர வேண்டும். தனியாக இருக்கிறவன் பிரெட்டைத் தின்று படுக்காமல் இருக்க அது உதவும். பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கவும் உதவும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கீழே சமையற்கட்டில் சாம்பார் கொதிக்கும் வாசனையும் வருகிறது.