நீரிற் கலந்த எண்ணெய்

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கு வரும் அடியார் கூட்டத்தினூடே வாகனங்கள் ஊர்ந்தே செல்லும். நண்பகல் வெயிலில் இவ்வாறு நின்று நின்று செல்லும் வண்டிக்கு ரேடியேற்றரிலுள்ள குளிர்திரவமே உயிர்நாடி. அத்திரவத்தில் எண்ணெய் மிதப்பதைக் கண்டதும், "ஹெட் கஸ்கெற் போய்விட்டது; எஞ்சினைக் கழற்ற வேண்டும்" என்று தீர்ப்புக் கூறிவிடுவாருளர். ஆராயாது கூறும் இத்தீர்ப்பு, வாடகை வான் ஒன்றையே நம்பி வாழும் குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கிவிடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய வண்டியைப் பேணுவதன் அருமையை அவ்விடைக்காலம் பலருக்கும் உணர்த்திற்று.

நேயர்களே, எண்ணெயின் நிறத்தை முதலில் நோக்குக. பலூடாவைப் போன்ற இளஞ்சிவப்பு நுரையாயின், அது பெரும்பாலும் தன்னியக்கக் கியர்பெட்டியின் எண்ணெய். அவ்வகை வண்டிகள் பலவற்றில் அந்த எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே அமைந்திருக்கும். துருத்தடுப்பு மருந்தில்லாத வெறும் குழாய்நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிவந்தால் உலோகம் அரிக்கப்பட்டு, இரு திரவங்களும் கலந்துவிடும். இங்கு எஞ்சினைத் திறப்பது வீண், மாற்றவேண்டியது ரேடியேற்றரே. ஆயினும் தாமதம் கூடாது. கியர்பெட்டிக்குள் நீர் புகுந்தால் கிளச்சுத் தட்டுகளின் உராய்வுப் படலம் உரிந்துவிடும்.

பால்கோப்பி நிறச் சேறு எனின், எஞ்சின் எண்ணெய் என ஐயுறலாம். அப்போதும் இரு வழிகள் உள. எண்ணெய்க் குளிர்கருவி பழுதடைந்திருக்கலாம். அல்லது கஸ்கெற் கருகியிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தமே மிகுதி. ஆதலால் அது நீருக்குள் புகும். நிறுத்தியபின் எண்ணெயின் அழுத்தம் அற்றுவிட, சூடான நீரின் அழுத்தம் எஞ்சிநிற்கும். அப்போது நீர் எண்ணெய்க்குள் புகும். எனவே அளவுகோலை உருவி எண்ணெயையும் பார்த்தல் வேண்டும். இடையறாத குமிழிகளும், எஞ்சின் சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகையும் தோன்றினால் கஸ்கெற்மீது ஐயம் வலுக்கும். புகைவாயு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாகும் சோதனைத் திரவமொன்றும் உண்டு. மொறிஸ் மைனரில் தன்னியக்கக் கியர்பெட்டி இல்லை. ஆதலின் அதன் உரிமையாளருக்கு ஐயம் ஒன்று குறைவு!

பழுதை நீக்கியபின் கழுவுதலே பொறுமையைச் சோதிக்கும் வேலை. தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டு, நுரை குறைந்த சலவைக் கரைசலை ஊற்றி எஞ்சினைச் சூடேற்றி, குளிர்ந்தபின் வடித்தல் வேண்டும். வடியும் நீர் தெளியும்வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்க. சூடாயிருக்கையில் மூடியைத் திறப்பது கொடிய தீக்காயத்துக்கு வழி. எண்ணெய் ஊறி மென்மையான இறப்பர்க் குழாய்களை மாற்றுவதே நன்று. பஞ்சிகாவத்தைக் கடைகளில் அவை கிடைக்கும். இறுதியில் வண்டிக்குரிய குளிர்திரவத்தை வடித்த நீருடன் கலந்து நிரப்புக. நிறம் ஒத்திருப்பதைக் கொண்டு இருவகைத் திரவங்களைக் கலவாதீர். நிறம் தயாரிப்பாளரின் விருப்பமேயன்றி வகையின் அடையாளமன்று.

வடித்த பழைய திரவத்தை வீதியோரக் கானில் ஊற்றலாகாது. அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிக்கும் நஞ்சு. தெருநாய்கள் நக்கிக் குடித்துவிடும். மூடியுள்ள கலத்தில் அடைத்து, குழந்தைகளின் கைக்கெட்டாமல் வைத்து, பழைய எண்ணெய் சேர்க்கும் சேவை நிலையத்தில் ஒப்படைக்கலாமா என்று விசாரித்துக்கொள்க.