சினை ஆட்டின் மடியைக் கவனியுங்கள்

(அறக்கட்டளையின் ஆடு வளர்ப்புப் பயனாளிகளுக்கான கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று மார்க்கச் சொற்பொழிவு இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப்போவது ஆட்டு மடியைப் பற்றி. இதுவும் மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல. நம் நபி (ஸல்) அவர்கள் ஆடு மேய்த்தவர்கள். வீட்டில் தம் ஆட்டைத் தாமே கறந்தவர்கள். ஹிஜ்ரத் பயணத்தில் உம்மு மஅபத் என்ற அம்மையாரின் கூடாரத்தில் மெலிந்து நின்ற ஆட்டைக் கண்டபோது, அவர்கள் முதலில் செய்தது அந்த அம்மையாரிடம் அனுமதி கேட்டதுதான். அதன் பிறகே மடியில் கை வைத்தார்கள். ஓர் ஏழை வீட்டு ஆட்டின் மடிக்கு இவ்வளவு மரியாதை இருக்கிறது.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஜக்காத் நிதியிலிருந்து விதவைச் சகோதரி ஒருவருக்கு ஆடுகள் வாங்கிக் கொடுத்திருந்தோம். மழைக்காலத்தில் ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பிறகு வந்து, "பாய், செனை ஆட்டுக்கு ஒரு பக்க மடி கல்லு மாதிரி இருக்குது, தீனி எடுக்கல" என்றார். நானும் ஊரில் கேட்டதையே சொன்னேன். "செனையா இருக்கறப்ப ஊசி போட்டா குட்டி கலைஞ்சிடும்மா. குட்டி போடட்டும், பார்த்துக்கலாம்" என்றேன். மூன்றாம் நாள் மடியின் அந்தப் பாதி குளிர்ந்து, நீலம் பாய்ந்துவிட்டது. மருத்துவர் வந்து ஆட்டின் உயிரைக் காப்பாற்றினார், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பாதி மடியைக் காப்பாற்ற முடியவில்லை. பிறந்த இரண்டு குட்டிகளுக்கும் பால் போதாமல் அந்தச் சகோதரி புட்டியில் பசும்பால் ஊட்டி வளர்த்தார். முதல் நாளே மருத்துவரிடம் அனுப்பியிருந்தால் அந்த மடி பிழைத்திருக்கலாம். தெரியாத விஷயத்தில் ஆலோசனை சொன்னது என் பிழை. அதனால்தான் கற்றவர்களிடம் கேட்டு இதைத் தயார் செய்தேன்.

முதலில், எல்லா வீக்கமும் நோய் அல்ல. ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். குட்டி போடும் நாள் நெருங்கும்போது மடி பெருப்பது இயல்பு. அப்போது இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும், சூடு இருக்காது, ஆடு வழக்கம்போலத் தின்னும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெல்ல நிரம்பும். இதைப் பார்த்துப் பயந்து கறந்துவிடாதீர்கள். கறந்தால் குட்டிக்குச் சேர வேண்டிய சீம்பால் வீணாகும்; காம்புத் துளையும் திறந்துகொள்ளும்.

நோய் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வீங்கும். தொட்டால் சுடும், கெட்டியாக இருக்கும், ஆடு உதைக்கும். பின்னங்காலை அகட்டி நொண்டி நடக்கும். காம்பில் வருவது தண்ணீராகவோ, திரிதிரியாகவோ, ரத்தம் கலந்தோ இருக்கும். காய்ச்சல் வரும், தீனி குறையும். இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மடி குளிர்ந்து நீலமாகிவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாதவர்கள் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியின் இலவச எண்.

சினை ஆட்டுக்கு ஊசி போடலாமா? போடலாம். சினையில் கொடுக்கத் தகுந்த மருந்துகள் இருக்கின்றன. ஆனால் வீக்கத்துக்குப் போடும் சில ஸ்டீராய்டு ஊசிகள் நிறைசினையில் குட்டியை முன்கூட்டியே வெளியே தள்ளிவிடும். ஊரில் உள்ள பயம் இதிலிருந்து வந்திருக்கலாம். எனவே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் சொல், "ஆடு சினை, இத்தனை மாதம்" என்பதே. கிடா சேர்ந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மருந்துக் கடையில் நாமாக வாங்கிப் போடுவது வேண்டாம். மருந்து போட்ட ஆட்டின் பாலை மருத்துவர் சொல்லும் நாள்வரை யாரும் குடிக்கக் கூடாது.

கைமருந்தும் உண்டு. பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் பரப்பிய முறையில், மாட்டுக்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, கழுவிய மடியில் நாளுக்குப் பலமுறை பூசுகிறார்கள். ஆட்டுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் உள்ள ஆட்டுக்கு இதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

வராமல் தடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது. குட்டி போட இரண்டு மாதம் இருக்கும்போதே கறப்பதை நிறுத்துங்கள். அதற்குச் சில நாள் முன்பே தவிடு, புண்ணாக்கைக் குறைத்தால் பால் தானே குறையும். தண்ணீரை நிறுத்தாதீர்கள். பால் வற்றிய பிறகு தீவனத்தை மறுபடி கூட்டுங்கள். வயிற்றில் இரண்டு குட்டி உள்ள ஆடு கடைசி மாதத்தில் பட்டினி கிடந்தால் எழமுடியாமல் படுத்துவிடும். முன்பு மடிநோய் கண்ட ஆடு என்றால், பால் வற்றும்போது காம்புக்குள் ஏற்றும் மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

படுக்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும். 2024 ஃபெஞ்சல் புயலில் நம் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஈரமும் சாணமும் கலந்த தரையில் படுக்கும் ஆட்டின் மடிக்குள் கிருமி எளிதில் ஏறும். மண்ணைக் கொட்டி மேடாக்குங்கள், பலகைப் பரண் போட முடிந்தால் இன்னும் நல்லது. கறக்கும் முன் கையைக் கழுவுங்கள். நோய்கண்ட ஆட்டைக் கடைசியாகக் கறந்து, அந்தப் பாலைத் தரையில் பீய்ச்சாமல் குழியில் ஊற்றி மூடுங்கள். எந்த ஆட்டின் பாலையும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.

குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். தாயின் மடி கெட்டிருந்தால் அன்று ஈன்ற வேறு ஆட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம். அப்படி ஓர் ஆடு பக்கத்து வீட்டில் இருந்தால் உதவுங்கள், அது ஸதகா.

முடிவாக ஒன்று. அந்தச் சகோதரியிடம் சிலர், "ரெண்டு நாள் கறக்காம விட்டு, மடி பெருசாத் தெரியறப்ப சந்தைக்கு ஓட்டிடு" என்றார்களாம். மடியில் பாலைக் கட்டிவைத்து விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் விரும்பினால், ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் ஆட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். அந்தச் சகோதரி, "வயித்துப் பசிக்கு ஹராமைத் திங்க மாட்டேன் பாய்" என்று சொல்லிவிட்டார். அந்த ஆடு இன்றும் அவர் வீட்டில்தான் நிற்கிறது. ஒரு பக்க மடியோடு குட்டிகளை வளர்க்கிறது.

அல்லாஹ் நோயைத் தந்தால் மருந்தையும் தந்தே இருக்கிறான். அதைத் தேடிப் போவது நம் கடமை. இனி ஆட்டுக்கு ஏதாவது என்றால் என்னிடம் வருமுன் மருத்துவரிடம் போங்கள். வண்டிக் கூலிக்கு இல்லையென்றால் மட்டும் என்னிடம் வாருங்கள், இன்ஷா அல்லாஹ் அறக்கட்டளை கொடுக்கும். உங்கள் வீடுகளிலும் கால்நடைகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.