மேடுபள்ளத்தில் வழியும் மென்படலம்: சராசரியால் தீராத கணக்கு

   

சாய்தளத்தில் வழியும் மெல்லிய திரவப் படலம் எந்தக் கட்டத்தில் அலையெழுப்பத் தொடங்கும்? தளம் மேடுபள்ளமாக இருந்தால் அந்தக் கட்டம் தள்ளிப்போகுமா, முந்திவருமா? கேள்வி உங்களில் பலருக்குப் பழகியதுதான். மழை நாளில் சரிவான தார்ச்சாலையில் குறுக்குவரிசையாக இறங்கும் அலைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூச்சுத் தொழிலிலும் ஆவியாக்கிக் குழாய்களிலும் இதே அலைகள்தான் தரத்தையும் வெப்பப் பரிமாற்றத்தையும் முடிவு செய்கின்றன. மேடுபள்ளத்தின் விளைவைச் சொல்ல வரும் மாதிரி, முதலில் தட்டைத் தளத்தில் சரியான விடை தர வேண்டும் என்பது என் வாதம். தட்டைத் தளத்தில் கொஞ்சம் பிழை இருந்தாலும் ஒப்பிடும்போது அது அடிபட்டுப் போகும் என்று நம் துறையில் பலர் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

தட்டைத் தளத்திலிருந்தே தொடங்குவோம். 1916-இல் நுசெல்ட் தந்த தீர்வில் படலத்தின் திசைவேகம் ஆழத்தோடு பரவளையமாக மாறுகிறது. 1957-இல் பெஞ்சமினும் 1963-இல் யீயும் அந்த ஓட்டத்தின் நிலைத்தன்மையைக் கணக்கிட்டார்கள். சராசரி வேகத்தையும் தடிமனையும் கொண்டு எழுதிய ரெனால்ட்ஸ் எண், சாய்வுக் கோணத்தின் கோடேன்ஜென்டில் ஆறில் ஐந்து பங்கைத் தாண்டினால் நீண்ட அலைகள் வளரும். 10 பாகைச் சரிவில் அறைவெப்பநிலை நீருக்கு இந்த எல்லை 4.73. அப்போது படலத்தின் தடிமன் சுமார் 0.20 மி.மீ., சராசரி வேகம் நொடிக்கு 2.3 செ.மீ. அலையோ அதைப் போல மூன்று மடங்கு வேகத்தில், நொடிக்கு 7 செ.மீ. அளவில் ஓடும். 1967-இல் ஷ்காடொவ் இந்தக் கணக்கை எளிமையாக்கினார். திசைவேகம் எப்போதும் பரவளையமாகவே இருக்கும் என்று கொண்டு, உந்தச் சமன்பாட்டை ஆழம் நெடுகத் தொகையிட்டார். அழகான மாதிரி, ஆனால் அதன் எல்லை கோடேன்ஜென்ட் முழுவதுமாக வருகிறது. அதாவது 4.73-க்குப் பதில் 5.67. அலை கடக்கும்போது நிலைமம் பரவளையத்தைச் சற்றே கோணலாக்குகிறது, தளத்தின் உராய்வு அதனால் மாறுகிறது. மாதிரி விட்டுவிட்டது இந்த மாற்றத்தைத்தான். ரூயே-கில்லும் மான்வில்லும் 2000-இல் எழுதிய கட்டுரையில், தொகையிடும் முன் சமன்பாட்டைப் பரவளையத்தாலேயே பெருக்கினார்கள். உராய்வின் அறியாத பகுதி அதனால் கணக்கிலிருந்து விலகுகிறது, ஆறில் ஐந்து பிசகாமல் வந்துவிடுகிறது. பெருக்குவது ஒரே ஒரு சார்பால்தான். அந்தச் சிறு உழைப்பை மிச்சம்பிடிக்க இருபது சதவீதப் பிழையைச் சுமப்பானேன்?

இப்போது தளத்தை மடிப்போம். சராசரிச் சரிவு அதே 10 பாகை. ஆனால் நீண்ட துண்டுகள் மாறி மாறி 14 பாகையும் 6 பாகையுமாக இருக்கட்டும். ஓட்ட அளவு எங்கும் ஒன்றே என்பதால் ரெனால்ட்ஸ் எண்ணும் எங்கும் ஒன்றே, எல்லை மட்டும் இடத்துக்கு இடம் மாறும். செங்குத்தான துண்டில் அது 3.34, சாய்வு குறைந்த துண்டில் 7.93. ரெனால்ட்ஸ் எண் 4.73 ஆக இருக்கும்போது அலை ஒரு துண்டில் வளர்ந்து அடுத்த துண்டில் தேயும். இரண்டு எல்லைகளின் வெறும் சராசரியே 5.64. சாய்வு குறைந்த துண்டை அலை மெதுவாகக் கடப்பதால் தேய்வின் பங்கு இன்னும் கூடும். இது திசையைக் காட்டும் கணக்கு, துல்லிய அளவு அல்ல. மேடுபள்ளம் ஓட்டத்தை நிலைப்படுத்துகிறது என்று பைராய்ட்டில் வீர்ஷெமும் அக்செலும் 2003-இல் காட்டியதோடு இந்தத் திசை ஒத்துப்போகிறது. இங்கே கவனிக்க வேண்டியது, தளம் தரும் உயர்வும் ஏறத்தாழ இருபது சதவீதம் என்பதுதான். ஷ்காடொவ் மாதிரியின் பிழையும் அதே அளவு. 5.6 என்று ஒரு விடை கையில் வந்தால் அது மேடுபள்ளத்தின் வேலையா, மாதிரியின் கோளாறா என்று எப்படிப் பிரிப்பது?

பிழை எல்லாத் துண்டிலும் ஒரே மடங்குதானே, விகிதம் எடுத்தால் மறைந்துவிடுமே என்பது எதிர்த்தரப்பு. மேலே சொன்ன நீண்ட துண்டுகளுக்கு அது உண்மை, மறுக்கவில்லை. அங்கே ஒவ்வோரிடத்திலும் நுசெல்ட்டின் பரவளையம் அப்படியே நிற்கிறது. பள்ளத்தின் நீளம் குறைந்து ஆழம் கூடினால் நிலைமை வேறு. பள்ளத்தில் சுழல் உருவாகிறது, தளத்தருகே திரவம் பின்னோக்கி ஓடுகிறது, பரவளையம் அங்கே இல்லவே இல்லை. எந்த அனுமானத்திலிருந்து பிழை பிறந்ததோ அதையே தளம் உடைக்கும்போது, பிழை இடத்துக்கு இடம் வேறாகிறது. மறைய வழியில்லை. எல்லைக்குரிய தடிமனில் வித்தியாசம் ஆறு சதவீதம்தானே என்றும் கேட்கிறார்கள். பூச்சுப் பட்டறையில் கையாளுவது ஓட்ட அளவை, அங்கே அது இருபது சதவீதம். கணினியில் முழுச் சமன்பாட்டையே தீர்க்கலாமே என்பார்க்கு: தீர்க்கலாம், ஆனால் ஒவ்வொரு தள வடிவத்துக்கும் புதிதாகத் தீர்க்க வேண்டும், காரணமும் அதிலிருந்து தானாகக் கிடைக்காது.

பரப்பு இழுவிசை பற்றிச் சுருக்கமாக. தட்டைத் தளத்தில் மிக நீண்ட அலைகளே முதலில் வளர்வதால் எல்லையில் அதற்கு இடமில்லை. மேடுபள்ளத்தில் சீரான ஓட்டத்தின் மேற்பரப்பே வளைந்திருப்பதால் அது உள்ளே வந்துவிடுகிறது. இழுவிசை குறைவாக இருந்தால் தளம் நிலைப்படுத்துகிறது, வலுவாக இருந்தால் நிலைகுலைக்கிறது என்று 2009-இல் டிஅலெசியோ, பாஸ்கல், ஜாஸ்மின் காட்டினார்கள். சராசரிச் சரிவு என்ற ஒற்றை எண்ணால் இதைச் சொல்லவே முடியாது.

மீதியைக் குறிப்பாக மட்டும் சொல்கிறேன். குறுக்குத் திசையிலும் மாறும் தளங்களுக்கு இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும். சூடேற்றிய தளத்தில் வெப்பத்தால் இழுவிசை மாறுவதைச் சேர்க்க வேண்டும். நீரை உறிஞ்சும் நுண்துளைத் தளம், சோப்புக் கரைசல், பாகுநிலை மாறும் வண்ணப்பூச்சு ஆகியவையும் காத்திருக்கின்றன. ஆய்வு மாணவர்கள் முதலில் எடுக்க வேண்டியது ஒன்று: ஒரே நெளிதளத்தில் ஷ்காடொவ் மாதிரியையும் ரூயே-கில், மான்வில் மாதிரியையும் ஓட்டி, பள்ளத்தில் சுழல் தோன்றும் கட்டத்துக்கு முன்னும் பின்னும் அவை தரும் எல்லைகளின் விகிதத்தை வரைந்து பார்ப்பது.