அம்மாவின் விலாசம்

(சங்கத்தின் மாதர் பிரிவும் மாணவர் வட்டமும் ஹட்டனில் நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

தாய்மார்களே, தோழர்களே, பிள்ளைகளே,

ஆறு நாளும் மலையில் நின்றுவிட்டு, துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் கிடைக்கும் ஒரே நாளில் இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டிப் பேசப்போவதில்லை. நாங்கள் வாசித்த ஒரு புத்தகத்தைப் பற்றியும், அது எங்களைக் குத்திய இடத்தைப் பற்றியும் சொல்ல வந்திருக்கிறோம்.

எழுதியவர் யாஷிகா தத். இந்தியாவில் ராஜஸ்தானைச் சேர்ந்த அஜ்மீரில் பிறந்த பத்திரிகையாளர். தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதி 2019இல் வெளியிட்டார். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமியின் இளம் எழுத்தாளர் விருது அதற்குக் கிடைத்தது.

பிறர் மலத்தை அள்ளும் வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்யவைக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் அவர். அந்த வேலை நமக்குத் தெரியாததல்ல. கண்டி மஹியாவையிலும் மற்ற நகரங்களிலும் நகரசுத்தித் தொழிலாளர் லயங்களில் இருப்பவர்கள் நம்மைப் போலவே கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். நம் சனம்தான்.

யாஷிகாவின் தகப்பனாருக்கு அரசாங்க உத்தியோகம் இருந்தது. ஆனால் குடி வீட்டைத் தின்றது. இந்தக் கதையையும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் காசில்லாதபோதும் பிள்ளையின் ஆங்கிலப் படிப்பு நின்றுவிடக்கூடாது என்று தாயார் பிடிவாதமாக நின்றார். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஓடியவர் அவர்தான்.

அதே தாய் இன்னொரு வேலையும் செய்தார். சாதி தெரிந்தால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயந்து, அதை மறைக்கக் கற்றுக்கொடுத்தார். தோல் வெளுக்கவேண்டும் என்று மாவு அரைத்துப் பூசினார். பேச்சு, உடுப்பு எல்லாவற்றையும் மாற்றினார். மகள் டில்லியில் பெரிய கல்லூரியில் படித்தார், ஆங்கிலப் பத்திரிகையில் வேலை பார்த்தார், பிறகு நியூயோர்க் போய்ப் பத்திரிகைத்துறை படித்தார். அத்தனை வருடமும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் அவரோடுகூடவே போனது.

2016 ஜனவரி 17ஆம் திகதி, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ரோஹித் வெமுலா உயிரை மாய்த்துக்கொண்டார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, உதவிப்பணமும் மாதக்கணக்கில் கிடைக்காமல் இருந்தவர். அவருடைய தாய் ராதிகா துணி தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். அந்தச் சாவுக்குப் பிறகுதான் யாஷிகா, இனி மறைக்கமாட்டேன் என்று ஊரறியச் சொன்னார். அங்கிருந்துதான் புத்தகம் பிறந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? நாங்களும் மறைத்தவர்கள் என்பதால்.

ஆசிரியர் பயிற்சிக்கு எங்களைக் கூப்பிட்ட கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வந்தது. லயத்துக்குத் தனி விலாசம் ஏது? அம்மா ஒவ்வொரு நாளும் அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு, கூடையோடு ஆபீஸ் வாசலில் போய் நின்று, "எங்க பிள்ளைக்குக் கடுதாசி வந்திருக்கா ஐயா?" என்று கேட்டார். எழுத வாசிக்கத் தெரியாதவர். ஒரு நாள், மேசையில் நாலு நாளாகக் கிடந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்கள். மழையில் நனையாமல் படங்குக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

அந்தக் கடிதத்தோடு போன நாங்கள், கலாசாலைப் படிவத்தில் விலாசம் எழுதும்போது தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டோம். டிவிசனை விட்டோம். வெறும் 'ஹட்டன்' என்று எழுதினோம். சான்றிதழ் கொடுக்கும் நாளில் அம்மாவை வரச்சொல்லவில்லை. அவர் எங்களைப் பார்த்தார், பிறகு கொழுந்துக் கறை பிடித்த தன் விரல்களைப் பார்த்தார். "நா வரல சாமி. நீ போய்ட்டு வா" என்றார். எங்களுக்கு வெட்கம் வராமல் காப்பாற்றியவர் அவர்தான்.

கொழும்பில் கடையிலும் ஆபீசிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் எத்தனை பேர், ஊர் எது என்று கேட்டால் 'நுவரெலியா பக்கம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்? அவர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை. 'தோட்டக்காட்டான்' என்று கேலிசெய்யும் வாய்கள் இருக்கும்வரை மறைக்கத்தான் தோன்றும். ஆனால் மறைக்கும்போது நம்மோடு சேர்ந்து மறைவது யார்? நம்மைப் படிக்கவைத்தவள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மேடையில் ஏறினால் நாம் எல்லோரும் அம்மா தெய்வம், அம்மா தியாகி என்று பேசுகிறோம். தெய்வத்துக்குச் சம்பளம் கொடுக்கவேண்டியதில்லை அல்லவா? அதுதான் அந்தப் பேச்சிலுள்ள ஆபத்து. அவள் தொழிலாளி. விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, அட்டைக் கடியோடு மலை ஏறுகிறாள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப் பேர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் நம் தோட்டங்களுக்கு 1984இல்தான் வந்தது, அதுவும் வேலைநிறுத்தம் செய்த பிறகு. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அப்படியான சம்பளத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை உயர்தரம்வரை கொண்டுபோவது எப்படி? தோட்டை அடகு வைத்து, சீட்டு எடுத்து, தன் சோற்றைக் குறைத்து. ஒரு தாய் பட்டினி கிடந்தால்தான் ஒரு பிள்ளை படிக்கலாம் என்றால், அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டுப் போகமுடியாது. அது சங்கம் பேசவேண்டிய சம்பளப் பிரச்சினை.

நம்மிடம் எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. மீனாட்சியம்மாள் நடேசையர் 1940இலேயே நம் மக்களின் நிலைமையைப் பாட்டாக்கிப் புத்தகம் போட்டார். மடக்கும்புறைத் தோட்டத்தில் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை, தொழிற்சங்கவாதியாக இருந்துகொண்டே நம் வாழ்க்கையை எழுதினார், நம் நாட்டார் பாடல்களையும் சேகரித்தார். அந்த வேலை பாதியில் நிற்கிறது.

ஆகவே பிள்ளைகளே, ஒரு வேலை தருகிறோம். ஒரு கொப்பி எடுங்கள். இன்று இரவு அம்மாவிடம் கேளுங்கள். எத்தனை வயதில் பேர் பதிந்தார்? முதல் சம்பளம் எவ்வளவு? எத்தனை நாள் அரைப் பேர் போட்டார்கள்? உன் படிப்புக்காக எதை அடகு வைத்தார், அது திரும்பி வந்ததா? அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். முதல் பக்கத்தில் விலாசத்தை முழுதாக எழுதுங்கள்: லயம், டிவிசன், தோட்டம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அம்மா சம்மதித்ததை இந்தப் பத்திரிகையில் போடுவோம். சம்பளப் பேச்சுக்குப் போகும்போது அந்தக் கொப்பிகளும் மேசைக்கு வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கம், நேரே வீட்டுக்கு வரும் தபால் என்ற கோரிக்கையும் அதோடு வரும்.

எங்கள் அம்மா இன்று கூட்டத்தின் பின்வரிசையில் இருக்கிறார். கலாசாலைக்கு நாங்கள் கூப்பிடவில்லை, இங்கே நாங்கள்தான் கூட்டிவந்தோம். தோழர்களுக்கு முன்னால் சொல்கிறோம்: எழுந்திருங்கள் அம்மா, எல்லோரும் உங்களைப் பார்க்கட்டும்.