கோட்டையகத்து மர வீடுகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பழவங்காடியிற் கூடியிருக்கும் நாம் பழைய வீடுகளைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமே. இங்கு எழுந்தருளியுள்ள கணபதியைத் திருவிதாங்கூர் நாயர் படையினர் பத்மநாபபுரத்திலிருந்து கொணர்ந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. 1795-இல் தலைநகர் இங்கு மாறியது. படை வந்தது, தெய்வம் வந்தது, மர அரண்மனை மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. 1956-இல் அப்பகுதி தமிழகத்தோடு இணைந்த பின்னரும் அரண்மனையைப் பேணுவது கேரள அரசே. மண் ஒருவருடையது, மரம் மற்றவருடையது! இரு மாநிலத்துக்கும் இத்தகைய பொதுச்சொத்து இன்னும் சில இருப்பின் நன்றாகவே இருக்கும்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? கூப்பிடு தூரத்தில் சுவாதித் திருநாள் எழுப்பிய புத்தன் மாளிகை உள்ளது. அதன் இறவாரத்தின் கீழ் 122 மரக் குதிரைகள் வரிசையாய் நிற்பதால் குதிரை மாளிகை என்றே வழங்குகின்றனர். குதிரைகளை எண்ணிப் பார்ப்போர் பலர். அவற்றின் மேலுள்ள கூரையை நோக்குவோர் சிலரே. உண்மையில் கற்க வேண்டியது அங்கேதான். ஒரு மரத்தின் நாக்கு மற்றொரு மரத்தின் துளையிற் புகும். மர ஆணி அதனை இறுக்கும். மழை மிகுந்த இந்நாட்டில் சரிந்த ஓட்டுக் கூரையும் தாழ்ந்த இறவாரமும் சுவரை நனையாமற் காக்கும். ஓர் உறுப்பு உளுத்துப்போனால் அதனை மட்டும் கழற்றிப் புதிது பூட்டலாம். முழு வீட்டையுமே பிரித்து வேறிடத்திற் பூட்டலாம். சென்னைக்கருகே 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்திராவில், திருவனந்தபுரப் பகுதியின் மர வீடொன்று அவ்வாறே நிற்கிறது. சீன நாட்டின் குய்சோ மலைச்சரிவுகளில், ஹ்மோங் மக்களுக்கு உறவினரான மியாவ் இனத்தார் தூண்களின்மேல் எழுப்பும் வீடுகளும் இவ்வாறே ஆணியின்றிக் கோக்கப்படுவன. மழையும் மரமும் உள்ள இடங்களில் மனிதர் ஒரே அறிவை அடைந்துள்ளனர் போலும்.

இனி நம் அக்கிரகாரங்களுக்கு வருவோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என நீளும் இவ்வீடுகள் பக்கச் சுவரைப் பங்கிட்டு நிற்பவை. ஆகவே ஒரு வீடு இடிபடும்போது, அடுத்த வீட்டின் உத்திரமும் தாங்கலை இழக்கிறது, நீர் இறங்குகிறது, கறையான் ஏறுகிறது. கோட்டைப் பகுதிக்குப் பாரம்பரியக் காப்பு விதிகள் உண்டு. ஆனால் விதி ஓடு மாற்றித் தராது. பிள்ளைகள் வெளியூர்களில் இருக்க, தனித்து வாழும் முதியவர் ஒழுகும் கூரைக்குத் தச்சனைத் தேடி அலைவதை நாம் காண்கிறோம். அவர் வீட்டை விற்க எண்ணினால் அவரைக் குறை கூறுதல் நியாயமன்று. பழமையைப் புகழ்வோர் பழுதின் செலவிலும் பங்கேற்க வேண்டும்.

நம்மால் இயல்வது யாது? இடிக்கும் வீட்டின் தேக்கும் பலாவும் ஓடும் விறகுக்கடைக்குப் போகாமல், பழுதுபார்க்கும் வீட்டுக்குப் போக ஓர் இடம் ஒதுக்கலாம். கூரை வேலை அறிந்த தச்சர்களின் பெயர்களைத் திரட்டி, இளைஞர் சிலரை அவர்களோடு பழக விடலாம். இடவப்பாதி மழைக்கு முன்னர் முதியோர் இல்லங்களின் உடைந்த ஓடுகளை மாற்றிக் கொடுக்கலாம். சங்கத்தில் வயது முதிர்ந்தோர் தத்தம் தெருவில் எவ்வீட்டுக் கூரை இவ்வாண்டு ஒழுகிற்று என்பதை இன்றே எழுதித் தந்தால், மேடம் பிறக்கும் முன் ஏணி சாத்திவிடலாம்.