இறுதிக்கால ஆவணங்களும் இல்லறத்தாரும்

(ஜலகண்டாபுரம் சாவகர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. எழுத்து வரலாற்றுக்காக அறிஞர் அதனைப் போற்றுவர். சமணர் காணவேண்டியது வேறு. அறிவு தெளிந்திருந்த பொழுதிலேயே ஒருவர் தம் இறுதியைத் தாமே முடிவுசெய்தார்.

சல்லேகனையைக் குற்றமெனக் கொண்டு இராசத்தான் உயர்நீதிமன்றம் 2015 ஆகஸ்டு 10இல் தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. இடைப்பட்ட நாள்களில் நாட்டின் பல ஊர்களில் சமணர் அமைதிப் பேரணி சென்றனர். சென்றவர்களுள் எத்தனை பேர் தம் இறுதியைப் பற்றி வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லியிருப்பர்?

நோன்பு எல்லார்க்கும் கைகூடுவதன்று. நினைவிழந்து செயற்கைச் சுவாசத்தில் கிடக்கும் நிலையே இன்று பலர்க்கு நேர்கிறது. "என்ன செய்யலாம்?" என்று மருத்துவர் கேட்பார். மகன் ஒன்று சொல்வான், மகள் வேறொன்று சொல்வாள், தாய் வாயடைத்து நிற்பார். அவர்களுள் எவரும் தீயவர் அல்லர். தந்தை எழுதி வைக்கவில்லை, அவ்வளவே. மாண்புடன் இறத்தலும் வாழ்வுரிமையின் பகுதியே என்று 2018 மார்ச்சு 9இல் உச்சநீதிமன்றம் உரைத்து, முன்விருப்ப ஆவணத்திற்கு இசைவளித்தது. நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்றிருந்த விதியை 2023 சனவரி 24இல் தளர்த்தி, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் போதும் என்றது. சாட்சிகள் இருவர் வேண்டும். தமக்காக முடிவுசொல்ல வேண்டியவர் பெயரை அதில் குறித்து, ஒரு படியைக் குடும்ப மருத்துவரிடம் தருதல் வேண்டும். இதனைச் சல்லேகனையோடு குழப்பலாகாது. அது நோன்பு, இது பயன்தராச் சிகிச்சையை மறுத்தல்.

இனிச் சொத்து. இவ்வூர்த் தறிக்காரர் பாவுக் கணக்கையும் நூல் பாக்கியையும் காசு பிசகாமல் எழுதுவார். வீடும் தறியும் எவர்க்கு என்பதை மட்டும் மனத்திலேயே வைத்திருப்பார். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா, வெள்ளைத்தாள் போதும். எழுதியவர் கையொப்பமும் இரு சாட்சிகளின் கையொப்பமும் இன்றியமையாதன. பதிவு கட்டாயமன்று, செய்தால் வழக்கு வரும்பொழுது துணையாகும். "வங்கியில் நியமனதாரர் பெயர் கொடுத்தாயிற்றே" என்பர் சிலர். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. உரிமை உயிலில் கண்டவர்க்கு, உயில் இல்லையேல் வாரிசுகளுக்கு.

எழுதியதோடு முடிந்ததா? சாட்சி இறந்திருப்பார், நிலம் விற்றிருக்கும், பேரன் பிறந்திருப்பான், முடிவுசொல்ல வேண்டியவர் அயல்நாடு சென்றிருப்பார். தன் குற்றம் நாடிப் பொறுத்தருள வேண்டும் தசலக்ஷண நாள்கள் ஆண்டுதோறும் வருகின்றன. அவற்றுள் ஒரு மாலை இத்தாள்களைப் பிரித்துப் படிக்கலாம். மாற்றம் உண்டெனில் புதிய உயிலில் தேதியிட்டு, பழையது செல்லாதென எழுதுக. மருத்துவ ஆவணத்தையும் எப்பொழுது வேண்டுமாயினும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம்.

வங்கிப் பெட்டகத்தில் மட்டும் பூட்டி வைத்தல் வேண்டா. அவசர இரவில் அது திறவாது. வீட்டு அலமாரியிலும் ஒரு படி இருக்கட்டும். அது எந்தத் தட்டில் இருக்கிறதென்று இல்லத்தரசியும் மருமகளும் அறிந்திருக்கட்டும்.