தேர் செதுக்கிய கைகள்



கெடா தோட்டங்களில் ரதம் இழுத்து வளர்ந்த நமக்குத் தேர் என்றதும் அலங்காரமே கண்ணில் நிற்கும். தொம்பைகளுக்குக் கீழே மரத்தைப் பாருங்கள். சிற்பியின் உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்துடன் 96 அடி உயரம். எடை ஏறத்தாழ 300 டன். 1926இல் எரிந்துபோன தேரை 1930இல் மீண்டும் எழுப்பினார்கள். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் வாகை, மா, வேம்பு மரங்களில் ஒரே கட்டையில் தெய்வ உருவங்களைச் செதுக்குகிறார்கள். உளி தவறினால் ஒட்டுப்போட வழியில்லை. அவ்வூர்ச் சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

உபயகாரர் பெயரைக் கல்லில் பொறிக்கிறோம், நன்று. செதுக்கியவருக்குக் கூலி கொடுத்ததோடு நம் கடன் தீராது. அந்தக் கல்லிலேயே அவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குவோம்.